அலமாரி மேல் ஒரு போர்க்கப்பல்

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது, அயல்நாட்டில் வேலையாயிருக்கும் பிள்ளை ஆசையாக ஒரு பெட்டி அனுப்பினானாம். பெட்டியின் மேல் மூன்று பாய்மரங்களும் பீரங்கி வரிசைகளுமாகக் கண்ணைப் பறிக்கும் ஒரு கப்பலின் படம். திறந்து பார்த்தால் கப்பலைக் காணோம்! குச்சிகளும், மெல்லிய பலகைகளும், நூல் உருண்டைகளும், பட்டாணி அளவில் பித்தளைச் சாமான்களும், ஒரு புத்தகமும் இருந்தன. கப்பலை நாமே கட்டிக்கொள்ள வேண்டுமாம்.

"ஒரு மாதம் அது சாப்பாட்டு மேஜையில் இருந்தது, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு அலமாரி மேல் ஏறிற்று. இரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. பிள்ளை டெலிபோனில் கப்பலைப் பற்றிக் கேட்டால் இவர் பேச்சை மாற்றிவிடுகிறார். 'எனக்கு இதுகூட வரவில்லையே' என்று இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் சொல்கிறார். அதைக் கேட்டால்தான் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. பெட்டியைக் கண்ணில் படாமல் யாருக்காவது கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம், சகோதரி. முதலில் உங்கள் கணவருக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன். பெட்டியின் மேல் இருக்கும் கப்பலின் பெயரை நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: 'விக்டரி'. 1805-ல் டிரபால்கர் யுத்தத்தில் நெல்சன் ஏறியிருந்தது அந்தக் கப்பலில்தான். நூற்று நாலு பீரங்கி. இங்கிலாந்தில் சாத்தம் என்ற ஊரில் 1759-ல் கட்டத் தொடங்கி 1765-ல்தான் தண்ணீரில் இறக்கினார்கள். பரம்பரைத் தச்சர்களின் பெரும் பட்டாளமே சேர்ந்து செய்த காரியம் அது. அதைத் தனி ஒருவராக, பேனாவைத் தவிர வேறு ஆயுதம் பிடித்தறியாத கையால், சாப்பாட்டு மேஜையில் கட்டு என்றால்? சங்கீதம் கற்றுக்கொள்ள வந்தவனை ஸரளி வரிசைகூடச் சொல்லித்தராமல் கச்சேரி மேடையில் ஏற்றி உட்கார வைத்த கதைதான்!

பிள்ளைமேலும் தப்பில்லை. அப்பாவுக்குப் பெரிதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று நினைத்தான். இந்தக் கலையில் முதன்முதலாக இறங்குகிறவர்களில் பலரும் இப்படித்தான் படத்தைப் பார்த்துக் கப்பலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த கப்பல்கள் உலகம் பூராவும் அலமாரி மேல்தான் நங்கூரம் பாய்ச்சியிருக்கின்றன.

எங்கே தகராறு வருகிறது என்று சொல்கிறேன். பெட்டியில் முதலில் கைக்கு வருவது ஏரா. கப்பலின் முதுகெலும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கடற்கரைக்காரர்களின் சொல் இது. அதற்குக் குறுக்கே விலா எலும்புகள் மாதிரி வரிசையாக வங்குகள். இவை இரண்டும் இயந்திரத்தால் கச்சிதமாக வெட்டப்பட்டு வருகின்றன; ஒன்றோடொன்று செருகி ஒட்டினால் ஒரே மாலையில் மீன்முள் மாதிரி ஒரு உருவம் நின்றுவிடும். 'அடேயப்பா, இவ்வளவுதானா!' என்று தோன்றும். எல்லாரும் ஏமாறும் இடம் இதுதான். அடுத்தபடியாக அந்த எலும்புக்கூட்டின் மேல் பலகை போர்த்த வேண்டும். அந்தப் பலகைகள் அவ்வளவும் நேரான பட்டிகள். கப்பலின் உடம்பிலோ நேரான இடம் என்று ஒன்றுமே கிடையாது. புத்தகமோ பல பெட்டிகளில் இந்த இடத்தில்தான் ஊமையாகிவிடுகிறது.

பெண்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆறு துண்டு வைத்து உள்பாவாடை தைக்கிறோமே, ஏன்? இடுப்புச் சுற்றளவு குறைவு, அடிச்சுற்று அதிகம். நேரான ஆறு துண்டைத் தைத்தால் இடுப்பில் கொசகொசவென்று துணி மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் மேலே குறுகலாக வெட்டிக்கொள்கிறோம். கப்பலும் அப்படியே. நடுவில் பருத்து, முன்னால் ஒடுங்குகிறது. நடுவயிற்றில் ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை 100 மில்லிமீட்டர் என்றால், 5 மில்லிமீட்டர் பட்டி 20 வேண்டும். அதே 20 பட்டியும் முன்மூக்கில் 60 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் அங்கே 3 மில்லிமீட்டராகக் குறுக்கியாக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் பட்டிகளை அப்படியே ஒட்டிக்கொண்டு போனால், பாதி வழியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு முறைக்கும். 'மரம் சரியில்லை' என்று பெட்டியை மூடிவிடுவார்கள். மரத்தின்மேல் குற்றமே இல்லை, வெட்டு சரியில்லை!

இன்னும் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. பலகை போர்த்துமுன், வங்குகளின் விளிம்பைக் கப்பலின் வளைவுக்குத் தக்கபடி உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பட்டியைக் குறுக்கே படுக்க வைத்துப் பார்த்தால், எல்லா வங்குகளின்மேலும் அது இடைவெளியில்லாமல் படிய வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முடிந்த கப்பல் தீவனம் காணாத மாடு மாதிரி விலா எலும்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாவது, இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஏரா முறுக்கிக்கொண்டுவிடும். அப்புறம் அதை நிமிர்த்த யாராலும் ஆகாது.

பலகை முடிந்துவிட்டால் பாய்மரக் கயிறுகள். பாய்மரத்துக்கு ஏற மாலுமிகளுக்கு நூலேணி கட்ட வேண்டும். ஒரு பக்கத்துக்கு 6 கயிறு, 25 படி என்று வைத்துக்கொண்டாலே 150 முடிச்சு. இரண்டு பக்கமும் 300. மூன்று பாய்மரத்துக்கு 900. பூத்தொடுக்கிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். 62 வயதில் மூக்குக் கண்ணாடியோடு முதன்முறையாக முடிச்சுப் போடுகிறவருக்கு?

அப்படியானால் எதில் தொடங்குவது? என்னைக் கேட்டால், பாய்மரமே இல்லாத ஒரு படகில்! அமெரிக்காவில் மாடல் ஷிப்வேஸ் என்ற நிறுவனத்தார் புதியவர்களுக்கென்றே ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். அதில் முதலாவது 'லோவெல் டோரி' என்ற மீன்பிடிப் படகு. நிஜப் படகில் 24-ல் ஒரு பங்கு அளவு. அதாவது 20 அடிப் படகு என்றால் கைக்கு 10 அங்குலம். தட்டையான அடிப்பலகை, அதன்மேல் சில சட்டங்கள், பக்கத்துக்குச் சில பலகைகள், உட்காரும் பலகை, துடுப்பு. அவ்வளவுதான். பலகைகள் ஏற்கெனவே வளைவாக வெட்டப்பட்டு வருகின்றன. தையற்கடையில் வெட்டிக் கொடுத்த துணி மாதிரி. நாம் தைத்தால் போதும்.

'போயும் போயும் ஒரு தோணியா!' என்று உங்கள் கணவர் முகத்தைச் சுளிக்கலாம். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஏம்ஸ்பரி என்ற ஊரில் லோவெல் குடும்பத்தார் 1793-ல் படகுப் பட்டறை வைத்தார்கள். நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் மீன் பிடிக்கப் போகும் பாய்க்கப்பல்கள் டோரிகளைத் தளத்தில் சுமந்து போகும். உட்காரும் பலகைகளைக் கழற்றிவிட்டால், அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மீன் இருக்கும் இடம் வந்ததும் ஒவ்வொன்றாக இறக்கிவிடுவார்கள். படகுக்கு இரண்டு பேர். மூடுபனி வந்து தாய்க்கப்பலை மறைத்துவிட்டால், அந்த இருவரும் கடவுளும்தான்.

1883 ஜனவரியில் ஹோவர்ட் பிளாக்பர்ன் என்பவரும் அவருடைய கூட்டாளியும் அப்படித்தான் பனிப்புயலில் கப்பலைத் தவறவிட்டார்கள். பிளாக்பர்னின் கையுறைகள் கடலோடு போய்விட்டன. விரல்கள் விறைக்கப்போவது நிச்சயம். விறைப்பதானால் துடுப்பைப் பிடித்த நிலையிலேயே விறைக்கட்டும், அப்போதுதான் வலிக்க முடியும் என்று, கைகளைத் துடுப்பின் பிடியில் வளைத்து வைத்துக்கொண்டு உறையவிட்டார்! கூட்டாளி வழியிலேயே இறந்துபோனார். ஐந்தாம் நாள், அவருடைய உடலோடு பிளாக்பர்ன் கரை சேர்ந்தார். விரல்கள் எல்லாம் போயின. கட்டை விரல்களிலும் பாதிதான் மிஞ்சிற்று. அந்தக் கைகளோடு 1899-ல் ஒரு சிறு பாய்ப்படகில் தன்னந்தனியாக அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார் அந்த மனிதர். நெல்சனின் கப்பலுக்கு எந்த விதத்தில் குறைந்தது இந்தத் தோணி?

கருவிகளுக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். கூரான கத்தி ஒன்று, உப்புத்தாள் இரண்டு மூன்று ரகம், இரும்பு ஸ்கேல், சாமணம், துணி உலர்த்தும் கிளிப் ஒரு டஜன். ஒட்டுவதற்குத் தச்சர்கள் உபயோகிக்கும் வெள்ளைப் பசை, பெவிகால் போன்றது, போதும். நிமிஷத்தில் ஒட்டும் பசை வேகமாக ஒட்டும். விரலையும் சேர்த்து ஒட்டும். தவிர, தவறாக வைத்துவிட்டால் திருத்த அவகாசம் தராது. வளைய மறுக்கும் பலகையை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்டு, வளைத்துக் கிளிப் போட்டு, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட வேண்டும். உலர்ந்தபின்தான் பசை. ஈரப் பலகையை ஒட்டினால் உலரும்போது சுருங்கி இடுக்கு விடும். கருவி போதாது என்று யாராவது குறைப்பட்டால், நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சுக்காரர்களைச் சொல்லலாம். தங்களுக்குப் போட்ட சாப்பாட்டில் மிஞ்சிய எலும்புகளைச் சீவிச் சீவி அவர்கள் கட்டிய கப்பல்கள் இன்றும் காட்சிசாலைகளில் இருக்கின்றன.

டோரியின் பலகைகள் ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி உட்காருகிறவை. ஏறும் இடத்தில் இரண்டையும் சரிவாகத் தேய்க்க வேண்டும். முதல் பலகையில் அரை மில்லிமீட்டர் பிசகினால் கடைசிப் பலகையில் அது பூதாகாரமாகத் தெரியும். ஆகவே ஒட்டுமுன் கிளிப் போட்டு வைத்துப் பார்க்க வேண்டும், கழற்ற வேண்டும், தேய்க்க வேண்டும், மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். ரவிக்கையை ஓட்டுத் தையல் போட்டு உடம்பில் வைத்துப் பார்க்கிறோமே, அதே புத்திதான்.

இதனால்தான் சகோதரி, இந்தப் படகை அவர் தலையில் மட்டும் கட்டாமல் நீங்களும் கூட உட்காருங்கள் என்கிறேன். அளப்பதும் குறிப்பதும் வெட்டுவதும் உங்களுக்குப் பழக்கம். புத்தகத்தைப் பொறுமையாகப் படித்துச் சொல்வது அவருக்குப் பழக்கமாயிருக்கும். முப்பது வருஷம் பைல் பார்த்தவர் அல்லவா? சாப்பாட்டு மேஜையை மட்டும் விட்டுக் கொடுக்காதீர்கள். வேண்டாத டிரே ஒன்றில், அல்லது இரண்டடிப் பலகை ஒன்றில், முழுப் படகையும் வைத்து வேலை செய்தால், சாப்பாட்டு வேளையில் அப்படியே தூக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். தேய்ப்பதை மட்டும் பால்கனியில் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தூள் பொடி மூக்கிலும் ஏறும், மோர்க்குழம்பிலும் விழும். தினம் ஒரு மணிக்கு மேல் வேண்டாம். கோபம் வருகிற அன்று அந்த ஒரு மணியும் வேண்டாம்.

'விக்டரி' அலமாரி மேலேயே இருக்கட்டும். அது நின்றுகொண்டிருந்தால் படுக்க வைத்துவிடுங்கள். நிறுத்தி வைத்த பட்டிகள் கோணிக்கொள்ளும். ஈரச் சுவரோரம் மட்டும் ஆகாது. டோரி முடிந்தபின் அதே வரிசையில் பாய் கட்டிய நார்வேப் படகு ஒன்று இருக்கிறது. அதற்குப் பின் சிங்கி இறால் பிடிக்கும் படகு ஒன்று. மூன்றும் ஆனபின் பெரிய பெட்டியை இறக்கலாமா என்று அவரே சொல்வார். இறக்காவிட்டாலும் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

நார்வேப் படகின் பாய்க்குத் துணி புதிதாக, வெள்ளை வெளேரென்று இருந்தால் பொம்மை மாதிரி தெரியும். அதற்குத் தேயிலை டிகாஷன் கைகண்ட மருந்து. இலேசாகப் போட்டு ஆறவைத்து, துணியைப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். நிறம் போதாவிட்டால் இன்னொரு முறை ஊறவைக்கலாம். அதிகமாகிவிட்டால் குறைப்பதுதான் கஷ்டம். நூல்களைப் பிசிர் அடங்கத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். பூ நூலை வாழைநார் இருக்கும் டப்பாவில் போடுகிற பழக்கத்தில் இதையும் அங்கே போட்டுவிடாதீர்கள், ஈரம் ஆகாது.