வினாவுக்குள் மறைந்திருக்கும் அநீதி

பரீட்சையின் பெயரால் இழைக்கப்படும் அநீதி ஈழத்தமிழருக்குப் புதியதன்று. 1970களில் இலங்கையில் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல், பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழிமூல மாணவர்கள் சிங்களமொழிமூல மாணவர்களைவிடக் கூடுதல் புள்ளிகள் பெறவேண்டிய நிலையை உருவாக்கியது. அது வெளிப்படையான அநீதி. ஆனால் வினாவுக்குள்ளேயே மறைந்திருக்கும் அநீதியும் உண்டு. புலம்பெயர்ந்த பெற்றோர் அதனையும் இனங்காணுதல் வேண்டும்.

ஒரே அளவு மொழியறிவுள்ள இரு பிள்ளைகளுள் ஒருவர், மொழிக்குப் புறம்பான காரணத்தால் ஒரு வினாவில் தவறுவாராயின் அவ்வினா பக்கச்சார்பானது. அரபுமொழித் தேர்வுகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 'ஏஷ்' என்ற சொல் எகிப்தியரின் பேச்சில் ரொட்டியைக் குறிக்கும். வளைகுடா நாடுகள் சிலவற்றில் சோற்றைக் குறிக்கும். இச்சொல்லை வைத்து வினாத் தொடுத்தால் அங்கு அளக்கப்படுவது அரபு அறிவா, பிள்ளையின் ஊரா? யாழ்ப்பாணத்தில் 'கதைத்தல்' என்பது பேசுதலைக் குறிப்பதையும் தமிழகத்தில் அவ்வழக்கு இல்லாமையையும் அறிந்த தமிழருக்கு இது எளிதில் விளங்கும்.

இத்தாலியின் பலெர்மோ நகரைச் சேர்ந்த கடலோரப் பகுதியான ஸ்ஃபெர்ராகவால்லோவில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். புனிதர்கள் கோஸ்மா, தமியானோ திருவிழாவில் சொரூபங்களைச் சுமந்து வெறுங்காலுடன் ஓடுவோரை அப்பிள்ளை அறியும். தேர்வடம் பிடித்து அறியாது. மீன்பிடி வள்ளங்களை அறியும், பனங்கிழங்கை அறியாது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலையின் தேர்வில் பனங்கிழங்கு பற்றிய வினாவுக்கு அப்பிள்ளை விடையளிக்கத் தவறினால் அது தமிழறியாமை ஆகாது. பனையைப் பற்றிக் கற்பிப்பது கடமை. கற்பிக்காமலே அதனைக் கொண்டு தமிழை அளப்பது நேர்மையன்று. பனை பற்றிய பந்தியொன்றைத் தந்து, அதிலிருந்தே வினவினால் அத்தேர்வு நீதியானதாகும்.

இத்தாலியப் பாடசாலைகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். இன்வால்சி எனப்படும் தேசியத் தேர்வின் முடிவுகள் மாணவரின் குடிவரவுப் பின்னணி வாரியாகவும் வெளியிடப்படுகின்றன. ஒரு பிரிவினரின் சராசரி குறைந்திருப்பதால் மட்டும் தேர்வு பக்கச்சார்பானது என முடிவுகட்டலாகாது. கற்றல் வாய்ப்பின் குறைவும் அதற்குக் காரணமாகலாம். மொத்தப் புள்ளிகளில் சமமாக நிற்கும் மாணவரை ஒப்பிட்டு, குறித்த ஒரு வினாவில் மட்டும் ஒரு பிரிவினர் பின்தங்குகின்றனரா என்று ஆராய்வதே முறை. அவ்வாறு பின்தங்கின் அவ்வினா மீளாய்வுக்குரியது.

1999ஆம் ஆண்டின் 394ஆம் இலக்கக் குடியரசுத் தலைவர் ஆணை, வெளிநாட்டுப் பிள்ளைகளின் தேவைக்கேற்பப் பாடத்திட்டத்தை இசைவாக்க ஆசிரியர் அவைக்கு இடமளிக்கின்றது. பெற்றோர் இதனை அறிந்து பாடசாலையுடன் பேசுதல் வேண்டும். "புள்ளி ஏன் குறைந்தது?" என்று பிள்ளையைக் கடிவதற்கு முன், எவ்வினாவில், எக்காரணத்தால் குறைந்தது என்று வினாத்தாளைப் பார்ப்பது நன்று.

தமிழ்ப் பாடசாலைகளும் தம் வினாத்தாள்களை, புலத்தில் பிறந்து தமிழ் கற்றுத் தேறிய இளையோரிடம் முன்கூட்டியே காட்டிக் கருத்தறியலாம். எந்த வினா தமிழைக் கேட்கின்றது, எது தாயகத்தில் வாழ்ந்த அனுபவத்தைக் கேட்கின்றது என்பதை அவர்களே நன்கறிவர். தரப்படுத்தலின் வடுவைச் சுமந்துவந்த சமூகம், தன் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வில் நீதி தவறலாகாது.