அற்புதம் செய்த பிரபு

இன்று ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிற நம் சட்டசபைகளுக்கெல்லாம் மாதிரி இங்கிலாந்து பார்லிமெண்ட் என்றும், அதில் பட்டணத்து வியாபாரிக்கும் கைத்தொழிலாளிக்கும் வழி திறந்துவிட்ட புண்ணியவான் சைமன் டி மான்ட்போர்ட் என்னும் பிரபு என்றும் சரித்திரப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். இவர் எதற்காக வழி திறந்தார், ஜனங்கள் இவரிடம் எதைக் கண்டு கும்பிட்டார்கள் என்பதைச் சற்று யோசிக்க வேண்டாமா?

இவர் பிரஞ்சு தேசத்தில் சுமார் 1208இல் பிறந்தவர். தகப்பனார் பெயரும் சைமன்தான். மத விரோதிகளை ஒழிப்பதற்காகப் போப் மூட்டிவிட்ட யுத்தத்தில் தளபதியாயிருந்து, 1210இல் மினர்வ் என்ற ஊரில் சுமார் 140 பேரை உயிரோடு நெருப்பில் தள்ளிய உத்தமர் அவர். மகன் இங்கிலாந்து வந்து, குடும்ப உரிமை பேசி லெஸ்டர் ஜமீனைப் பெற்றார். பெற்ற கையோடு செய்த பொதுத் தொண்டு என்னவென்றால், அவ்வூர் யூதர்களைத் துரத்தியதுதான்!

1238இல் அரசன் மூன்றாம் ஹென்றியின் தங்கை எலினாரை இரகசியமாகக் கலியாணம் செய்துகொண்டார். அந்த அம்மாள் இளம் விதவை. இனிப் புருஷனே வேண்டாம் என்று தலைமைப் பாதிரி முன்பு சத்தியம் செய்திருந்தவர். விதவை மறுமணம் செய்துகொண்டதில் நமக்குச் சந்தோஷமேயொழிய ஆட்சேபணை இல்லை. ஆனால் மாப்பிள்ளை ரோமாபுரிக்கு ஓடி, போப்பிடம் அனுமதி வாங்கி வந்தார். கடவுள் பேரால் போட்ட முடிச்சை ஒரு மனிதன் அவிழ்த்துவிட்டான். இந்த வித்தை பின்னால் இவர் தலையிலேயே விடிந்தது.

போப், சிசிலி ராஜ்யத்தை ஹென்றியின் இளைய மகனுக்குத் தருவதாகச் சொன்னார். சிசிலியோ போப்பின் கையில் இல்லை! இல்லாத ராஜ்யத்துக்கு விலை சுமார் 1,35,000 மார்க். கொடுக்கத் தவறினால் மதப்பிரஷ்டம். இந்தக் கடனுக்குப் பணம் கேட்டு அரசன் கை நீட்டியபோது பிரபுக்கள் முறைத்தார்கள். 1258இல் ஆக்ஸ்போர்டில் கூடி, 15 பேர் கொண்ட சபையின் யோசனைப்படியே அரசன் ஆள வேண்டும் என்று திட்டம் செய்தார்கள். அரசனும் சத்தியம் செய்தான். 1261இல் போப் அந்தச் சத்தியம் அரசனைக் கட்டாது என்று தள்ளிவிட்டார். மச்சானுக்கு ஒரு நியாயம், மைத்துனனுக்கு ஒரு நியாயமா என்று சைமன் கேட்க முடியுமா? 1264 ஜனவரியில் பிரஞ்சு அரசன் ஒன்பதாம் லூயி மத்தியஸ்தம் செய்து, ஹென்றி பக்கமே தீர்ப்புச் சொன்னான். அரசன் விஷயத்தில் அரசன் வேறு என்ன சொல்லுவான்?

பிறகு கத்திதான் பேசிற்று. அவ்வருஷம் லண்டனில் சைமன் கட்சியார் யூதர்களைக் கொன்று கொள்ளையடித்தார்கள். மே 14இல் லூயிஸ் என்ற ஊர்ப் போரில், ஒரு பிஷப் பாவமன்னிப்பு வழங்க, உடம்பில் வெள்ளைச் சிலுவை தரித்துச் சென்ற சைமனின் படை அரசனைச் சிறைபிடித்தது. இளவரசன் எட்வர்டும் கைக்கு வந்தான். பிறகு போப்பின் பிரதிநிதி சைமனை மதப்பிரஷ்டம் செய்தார். ஒரே கடவுள், ஒரே சபை. ஒருவர் ஆசீர்வாதம், ஒருவர் சாபம்!

1265 ஜனவரியில் கூடிய பார்லிமெண்டுக்கு ஜில்லாவுக்கு இரண்டு வீரப்பிரபுக்களுடன், பட்டணத்துக்கு இரண்டு குடிகளையும் சைமன் அழைத்தார். காரணம் கருணையன்று. பெரிய பிரபுக்களில் அழைக்கத் தக்க நண்பர்கள் அவருக்கு 23 பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். கோட்டைகளைத் தம் பிள்ளைகளுக்கே கொடுக்கிறார் என்று மற்றவர்கள் விலகினார்கள். ஆள் பலம் தேடியவர் குடிகளிடம் வந்தார். எக்காரணத்தால் வந்தாலும் குடிகளுக்கு அது லாபம்தான் என்பதை நாம் மறுக்கவில்லை. அவரைக் கொன்ற எட்வர்டே, அரசனான பின் 1295இல் அதே மாதிரி பட்டணத்தாரை அழைக்க வேண்டியதாயிற்று.

மே மாதம் எட்வர்ட், குதிரைகளை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லி, ஒன்றிலேறித் தப்பினான். ஆகஸ்ட் 4இல் ஈவ்ஷாமில் சைமனை வெட்டித் தள்ளி, தலையையும் கை கால்களையும் தனித்தனியே அறுத்தார்கள். தலை ஒரு பிரபுவின் மனைவிக்குப் பரிசாகப் போயிற்று.

மிச்ச உடலைப் புதைத்த மடத்துக்கு ஜனங்கள் திரளாகப் போனார்கள். நம்மைப் பார்லிமெண்டுக்கு அழைத்தாரே, இனி அந்த உரிமையை விடக்கூடாது என்று பேசவா? இல்லை. நோயாளியை நூலால் அளந்து, அந்த நூலைத் திரியாக்கி மெழுகுவர்த்தி ஏற்றவும், அவர் விழுந்த இடத்து ஊற்றுத் தண்ணீரைக் குடிக்கவும் போனார்கள்! குருடன் பார்த்தான், முடவன் நடந்தான் என்று ஏறக்குறைய 200 அற்புதங்களைச் சாமியார்கள் எழுதி வைத்தார்கள். யூதர்களைத் துரத்தியவர், சொந்தப் பிள்ளைகளுக்குக் கோட்டை சேர்த்தவர், ஒரே வருஷத்தில் வைத்தியராகிவிட்டார்.

அரச கட்சியாருக்குப் பயம் வந்துவிட்டது. 1266இல் கெனில்வொர்த்தில் செய்த ஏற்பாட்டில், சைமனை மகான் என்று சொல்லக்கூடாது, அவர் அற்புதங்கள் வீண் பிதற்றல், பரப்புவோருக்குத் தண்டனை என்று எழுதினார்கள். அரசனுக்குப் பகுத்தறிவு வந்துவிட்டதாக்கும் என்று வாசகர்கள் சந்தோஷப்பட வேண்டாம். மூன்று வருஷம் கழித்து, 1269இல், இதே ஹென்றி தன் சொந்தச் செலவில் கட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் கோவிலில், இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன எட்வர்ட் என்ற வேறோர் அரசனின் எலும்புப் பெட்டிக்குத் தானே தோள் கொடுத்துச் சுமந்துபோய், புதுச் சமாதியில் வைத்துக் கும்பிட்டான்.