விலை உயர்ந்தால் உழவுக்குத் திரும்பும் புல்வெளிகள்: அமெரிக்க நிலப் பாதுகாப்பு மானியம் எதிர்கொள்ளும் சிக்கல்

மண் அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தைப் பயிரிடாமல் விட்டுவைக்கும் உழவர்களுக்கு, அமெரிக்க அரசு 40 ஆண்டுகளாகப் பணம் வழங்கி வருகிறது. ஆயினும், தானிய விலை உயரும் காலங்களில் இவ்வாறு காக்கப்பட்ட நிலத்தின் கணிசமான பகுதி மீண்டும் உழவுக்குத் திரும்பிவிடுகிறது. இதற்குக் காரணம் திட்டத்தின் அமைப்பிலேயே உள்ளது.

1930-களில் அமெரிக்கச் சமவெளிகளைப் புழுதிப் புயல்கள் பாழாக்கியதைத் தொடர்ந்து, மண் பாதுகாப்புக்கென 1935-இல் தனித்துறை உருவாக்கப்பட்டது. பின்னர், 1985-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின் மூலம் நிலப் பாதுகாப்பு இருப்புத் திட்டம் (சிஆர்பி) கொண்டுவரப்பட்டது. அப்போது தானியம் தேவைக்கு அதிகமாக விளைந்து, விலை சரிந்திருந்தது. எனவே, மண்ணைக் காப்பதுடன் உற்பத்தியைக் குறைப்பதும் அத்திட்டத்தின் நோக்கமாக இருந்தது.

இத்திட்டத்தில் சேரும் நில உரிமையாளர், 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, நிலத்தில் புல் அல்லது மரங்களை வளர்க்க வேண்டும். அதற்கு ஈடாக ஆண்டு வாடகையும், நடவுச் செலவில் ஒரு பகுதியும் அவருக்குக் கிடைக்கும். இடையில் விலகினால், பெற்ற தொகையை வட்டியுடன் திருப்பிச் செலுத்த வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னர் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது.

இந்த அமைப்பின் பலவீனம் 2007-க்குப் பிறகு வெளிப்பட்டது. அந்த ஆண்டில் சுமார் 3.68 கோடி ஏக்கர் நிலம் இத்திட்டத்தின் கீழ் இருந்தது. எத்தனால் தேவை உள்ளிட்ட காரணங்களால் மக்காச்சோளத்தின் விலை உயர்ந்தது. 2005-இல் புஷலுக்கு 2 டாலர் அளவில் இருந்த விலை, 2012-இல் 7 டாலரை நெருங்கியது. ஒப்பந்தம் முடிந்த உழவர்கள் பலர் அதைப் புதுப்பிக்கவில்லை. காட்டு வாத்துகள் கூடு கட்டும் வடக்கு டகோட்டாவில் மட்டும், திட்டத்தின் கீழிருந்த நிலம் பாதிக்கும் மேல் குறைந்தது.

அரசின் முடிவுகளும் இச்சரிவுக்குத் துணைபுரிந்தன. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் திட்டத்தின் உச்சவரம்பை 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 2.7 கோடி ஏக்கராக உயர்த்தியபோதிலும், பொதுப்பிரிவு நிலங்களுக்கான வாடகையை அந்தந்த மாவட்டச் சராசரியில் 85 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. 2021-இல் ஏறத்தாழ 2.1 கோடி ஏக்கர் மட்டுமே திட்டத்தில் இருந்தது. வரம்பு இருந்தும் இடம் நிரம்பவில்லை.

மேய்ச்சல் நிலங்களின் நிலை சற்று மாறுபட்டது. திட்டத்தின் புல்வெளிப் பிரிவில் சேரும் கால்நடைப் பண்ணையாளர், மேய்ச்சலைத் தொடர்ந்துகொண்டே மானியம் பெறலாம். நிலத்தை உழுவதற்குத் தடை உண்டு. வருமானம் நின்றுபோகாததால், குறைந்த தொகையிலேயே அந்நிலத்தைக் காக்க இயலுகிறது.

நிலத்தை நிரந்தரமாகக் காக்கும் ஒப்பந்தங்களும் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ளன. ஆனால் அவற்றுக்குத் தொடக்கத்திலேயே பெருந்தொகை தேவைப்படும். அடுத்த தலைமுறையின் உரிமையையும் அவை கட்டுப்படுத்துவதால், நில உரிமையாளர்கள் பலர் தயங்குகின்றனர்.

நிலம் தரிசாக இருந்த ஆண்டுகளில் மண்ணில் சேர்ந்த கரிமத்தின் பெரும்பங்கை, சில பருவ உழவே வெளியேற்றிவிடக்கூடும். ஆகவே, எத்தனை ஏக்கர் சேர்க்கப்பட்டது என்பதைவிட, ஒப்பந்தம் முடிந்த பின்னரும் எத்தனை ஏக்கர் உழப்படாமல் நிலைக்கிறது என்பதே இம்மானியத்தின் உண்மையான அளவுகோலாக அமையும்.