‘கதைச்சு என்ன பிரயோசனம்’ என்பவர்களுக்கு

“எதிர்க்கட்சி எம்.பி. பாராளுமன்றத்திலை கதைச்சு என்ன பிரயோசனம்? ஆளுங்கட்சிக்காரன் எண்டால் ஒரு றோட்டாவது போட்டுத் தருவான்.” வன்னியில் இந்தப் பேச்சைக் கேட்காத தேநீர்க்கடை இல்லை. படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நமக்கு இதைவிடக் கேடான நம்பிக்கை வேறில்லை.

2025 மார்ச் 28 இல் வந்த வர்த்தமானியைப் பாருங்கள். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 6,000 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணி என்றது. உரிமை கோர உறுதி எங்கே? இறுதிப் போரில் மாத்தளனில் பங்கருக்குள் ஊறிப்போனது, முள்ளிவாய்க்காலில் பையோடு எரிந்தது. பல காணிகளின் சொந்தக்காரர் இன்று கனடாவில். எந்தக் கமக்காரன் வர்த்தமானி படிக்கிறான்? தமிழ் எம்.பி.க்களும் சட்டத்தரணிகளும் அதைச் சந்திக்கு இழுத்தார்கள். 159 ஆசனங்கள் வைத்திருந்த அரசாங்கம் வடக்கு எம்.பி.க்களைக் கூப்பிட்டுப் பேசவேண்டி வந்தது. மே மாதம் மீளப்பெறுவதாக அறிவித்தது. யூனில், சட்டத்தரணி சுமந்திரன் தொடுத்த மனுவில், உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த ஏக்கர்களைவிடப் பெரிய றோட்டு எது?

முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் காட்டி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கியது அரசாங்கம்தானே என்பார்கள். ஆம், அரசாங்கம்தான், அதற்கு நன்றி. ஆனால் கைபிடிச் சுவர் இல்லாத, ஒரு பக்கத்து வாகனம் கடந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நிற்கும், மாரியில் நந்திக்கடல் மேலேறிப் பாயும் அந்தப் பாலத்தைப் பற்றி வருசக்கணக்காக ஓயாமல் கேட்டது யார்? கேட்காத பாலத்துக்குக் கொழும்பில் யாரும் காசு ஒதுக்குவதில்லை.

வன்னி எம்.பி. துரைராசா ரவிகரன் 2024 நவம்பரில்தான் முதன்முறை பாராளுமன்றம் போனார். வனவளத் திணைக்களம் வயலுக்குள் நட்ட எல்லைக்கல், தொல்லியல் திணைக்களம் மறித்த நிலம், முல்லைத்தீவுக் கடலின் சட்டவிரோதத் தொழில் என்று அவர் எழுப்புவதெல்லாம் பாராளுமன்றப் பதிவேடான ஹன்சாட்டில் ஏறுகிறது. வாய்மூல வினாவுக்குப் பதில் சொல்வது அமைச்சரின் பொறுப்பு. பதில் பதிவானபின் “எங்களுக்கு முறைப்பாடு வரவில்லை” என்று எந்த அதிகாரியும் கைவிரிக்க முடியாது. நாளைக்கு வழக்குப் போடுகிறவனுக்கும் அந்த ஹன்சாட் தாள் உதவும்.

முகநூலில் போட இரண்டு நிமிடம் முழங்கிவிட்டு மறந்துவிடும் எம்.பி.க்களும் நம்மிடம் உண்டு. அவர்கள்மேல் வரும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் கேள்வி கேட்பதே வீண் என்று முடிவெடுப்பது யாருக்கு வசதி? காணி பிடிக்கும் திணைக்களங்களுக்குத்தான்.

உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது வாசிகசாலைக்குப் பெயின்ற் கேட்காதீர்கள். இந்த வருசம் எந்த வினாவைக் கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார், பதில் வராததற்கு என்ன செய்தார் என்று கேளுங்கள். உங்களிடம் மிஞ்சியிருக்கும் காணிப் பெர்மிற்றின் பிரதியையும் விதானையாரின் கடிதத்தையும் அவர் கையில் கொடுங்கள். அடுத்த வினாவை அவர் அதை வைத்துத்தான் எழுதவேண்டும்.