கும்மட்டமில்லாப் பள்ளிவாசல்

பள்ளிவாசல் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன இரண்டு: திரண்டு பருத்த கும்மட்டம், வானளாவிய மினாரா. இவை இல்லையேல் அது பள்ளிவாசலே அன்று என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என்பதை இத்திங்கள் சிறிது ஆராய்வோம்.

தொழுகைக்கு வேண்டுவன மிகச் சிலவே. தூய்மையான இடம், கஅபாவை நோக்கிய திசை, தோளோடு தோள் சேர்ந்து அணியணியாய் நிற்பதற்குரிய பரப்பு, ஒளுச் செய்ய நீர். நபிகள் நாயகம் மதீனாவில் எழுப்பிய பள்ளி பேரீச்ச மரத் தூண்களும் ஓலைக் கூரையும் கொண்டது. கும்மட்டமும் மினாராவும் பின்னர் வந்தவை. அந்தந்த நாட்டுக் கொத்தரும் தச்சரும் அளித்த கொடை.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துப் போற்றப்படும் பழைய ஜும்ஆப் பள்ளியைக் காண்க. வரிசை வரிசையாய்க் கல்தூண்கள், தூண்களின் தலையில் போதிகை, அதன்மேல் உத்தரம், அதன்மேல் தட்டையான கற்கூரை. கோயில் மண்டபம் சமைத்த அதே மரபின் உளி அங்கும் பேசுகின்றது. உருவச் சிற்பம் மட்டும் இல்லை. பூவும் கொடியும் உண்டு.

கடல் கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் இத்திறனை உடன் கொண்டு சென்றனர். சிங்கப்பூரில் 1826இல் நிறுவப்பெற்ற ஜாமிஆ சூலியாப் பள்ளி, மாரியம்மன் கோயில் உள்ள சௌத் பிரிட்ஜ் சாலையிலேயே நிற்கின்றது. அதன் வாயில் சாலையின் போக்கிற்கு இணங்கி நிற்க, உள்ளே தொழுகைக் கூடமோ மக்காவின் திசைக்குத் திரும்பியிருக்கின்றது. ஊரோடும் ஒத்து, நெறியினின்றும் வழுவாத அமைப்பு அது!

இனி நம் காலத்திற்கு வருவோம். கோலாலம்பூரில் 1965இல் திறக்கப்பெற்ற தேசியப் பள்ளிவாசலுக்குக் கும்மட்டத்திற்கு மாறாக விரித்த குடை போன்ற மடிப்புக் கூரை அமைந்தது. துருக்கியக் கட்டடக் கலைஞர் வேதாத் தாலோக்காய் அங்காரா நகருக்கென வரைந்த புதுமுறைப் பள்ளி, வேலை தொடங்கிய பின்னர் கைவிடப்பட்டது. அவ்விடத்தில் பழைய உஸ்மானியப் பாணியில் ஒன்று எழுந்து 1987இல் திறக்கப்பட்டது. தாயகத்தில் ஏற்கப்படாத அவருடைய புதுமை, பாகிஸ்தானில் ஏற்கப்பட்டது. இஸ்லாமாபாதில் கூடாரம் போல் நிற்கும் பைசல் பள்ளிவாசல் அவர் வரைந்ததே, 1986இல் நிறைவெய்தியது.

டாக்கா நகரில் மெரினா தபஸ்ஸும் என்னும் பெண்மணி 2012இல் முடித்த பைத்துர் ரவூப் பள்ளியில் கும்மட்டமும் இல்லை, மினாராவும் இல்லை. செங்கற் சுவரின் துளைகள் வழியே காற்று வருகின்றது. கூரையின் துளைகள் வழியே ஒளிப்பொட்டுகள் தரையில் உதிர்கின்றன. நிலத்தின் போக்கு ஒரு திசை, கிப்லா வேறு திசையாதலால், நடுவே வட்டமொன்று அமைத்துக் கூடத்தைத் திருப்பினார். சூலியாப் பள்ளியார் கண்ட சிக்கலும் இதுவேயன்றோ? அப்பள்ளிக்கு 2016இல் ஆகா கான் விருது கிடைத்தது.

இவ்வளவும் கூறுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பழைய கற்றூண் பள்ளிகள் சில இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் சிமெண்டுக் கும்மட்டங்கள் எழுந்துள்ளன. மக்கள்தொகை பெருகியது, இடம் போதவில்லை என்பது நியாயமே. எனினும் பக்கத்தில் விரிவாக்க இடமிருப்பின், பழையதை வீழ்த்துவானேன்? இத்திருப்பணிகளுக்குப் பெரும்பொருள் வருவது அயலூர்களில் உழைப்போரிடமிருந்தே. ஆதலின் இது நம்மனோர் சிந்தனைக்கு உரியது.

புத்தூர் போன்ற தெலுங்கு நாட்டு ஊர்களில் வாழும் நாம், வீட்டில் தமிழ் மறவாதிருக்கப் பாடுபடுகின்றோம். கல்லிலும் ஒரு தமிழ் உண்டு. காசோலையில் கையெழுத்திடுமுன், பழைய தூண்கள் என்னாகும் என்று ஒரு சொல் கேட்டு எழுதுவோமாக!