மஞ்சள் பைக்கு நாற்காலி கிடையாதா?

'பழங்கால நாணயக் கண்காட்சி. அனுமதி இலவசம்' என்று பேப்பரில் ஒரு மூலையில் துண்டுச் செய்தி வரும். பெரும்பாலும் நீங்கள் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். போயிருந்தால் இதைத்தான் பார்த்திருப்பீர்கள்: ஒரு கல்யாண மண்டபம். மணமேடை இருக்கவேண்டிய இடத்தில் பேனர். பந்தி மேஜைகளை வரிசையாகப் போட்டு, துணி விரித்து, அதன் மேல் ஆல்பம் ஆல்பமாகக் காசுகள், நோட்டுகள், தபால்தலைகள். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்கள், கண்ணில் லென்ஸை இடுக்கிய டாக்டர், அப்பாவின் பர்ஸையே பார்த்துக்கொண்டிருக்கும் ஏழாம் வகுப்புப் பையன்.

மதுரையில் அப்படி ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. எங்கள் பக்கத்துப் பேச்சு காதில் விழுந்தால் கழுத்து தானாகத் திரும்பும்.

"இத எம்புட்டுக்கு எடுப்பீக தம்பி?"

அறுபது வயதிருக்கும் அம்மா. கையில் துணிக்கடை மஞ்சள் பை. திருச்சுழிக்கு அந்தாண்டை ஒரு கிராமத்திலிருந்து, காரியாபட்டி வழியாக பஸ் பிடித்து, பேரனோடு வந்திருந்தார். பைக்குள் ஒரு துணி முடிச்சு. அதற்குள் ஐந்து காசுகள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். முடிச்சைப் பார்த்தார். காசுகளைப் பார்க்கவில்லை. "எல்லாம் சாதாக் காசும்மா. தள்ளி நில்லுங்க, கஸ்டமர் பாக்கணும்ல" என்றார்.

அப்படியானால் அந்த அம்மா யார்?

அவர் தள்ளி நின்றார். எங்கள் ஊர் ஆட்களுக்கு அது பழகின விஷயம். பாங்கிலும் தள்ளித்தான் நிற்பார்கள், ஆஸ்பத்திரியிலும் தள்ளித்தான் நிற்பார்கள். ஆனால் முடிச்சை மறுபடி கட்டும்போது ஒரு வெள்ளை வில்லை மினுங்கியது. மேஜைக்காரர் போனைக் கீழே வைத்தார். "அது என்ன, அத மட்டும் காட்டுங்க. முந்நூறு தர்றேன்."

விக்டோரியா மகாராணி தலை போட்ட ரூபாய் அது. 1862 முதல் 1901 வரை விக்டோரியா பெயரில் அடித்த அந்த ரூபாய் ஒவ்வொன்றும் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம். அதில் 91.7 சதவீதம் வெள்ளி. காசாக வேண்டாம், உருக்குகிற உலோகமாக எடை போட்டாலே இன்றைய வெள்ளி விலைக்கு அவர் சொன்ன தொகையைப் போல மூன்று மடங்குக்கு மேல் வரும். அதே அளவில் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் இருக்கிறது. யுத்த காலத்தில், 1940இலிருந்து, அதில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947இல் வந்தது புலி படம் போட்ட வெறும் நிக்கல். இந்த வித்தியாசம் மேஜைக்காரருக்கு மனப்பாடம். அந்த அம்மாவுக்கு மூன்றும் 'ராசா காசு'. வியாபாரம் நடப்பதே இந்த இடைவெளியில்தான்.

அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, "இருக்கட்டும்யா" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் வந்ததுதான் என்னை எழுத வைத்தது. மேஜைக்காரர் குரலைத் தாழ்த்தி, "மண்ணுல எடுத்ததாம்மா? வெளிய யார்ட்டயும் காட்டாதீங்க. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேஸாயிரும். குடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

பேரனின் முகம் வெளுத்துவிட்டது.

சட்டம் இருப்பது உண்மைதான். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம். மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் போனால் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதே சட்டத்தில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் உள்ள பங்கு பற்றியும் எழுதியிருக்கிறது. அதை மேஜைக்காரர் சொல்லவில்லை. மாமியார் அஞ்சறைப் பெட்டியில் போட்டு வைத்திருந்த ரூபாய் புதையல் ஆகாது என்றும் சொல்லவில்லை. இன்னொரு சட்டமும் இருக்கிறது, 1972இல் வந்தது. அதன்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தொல்பொருள் வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். 'உங்க லைசென்ஸ் எங்கய்யா?' என்று அந்த மண்டபத்தில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. சட்டம் என்றால் மஞ்சள் பைக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

நியாயமாக வியாபாரிகள் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்களில் நண்பர்கள் உண்டு. அவர்கள் படுகிற பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. காலையில் மேஜை போட்டதிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் யூடியூப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2012இல் வெளியான வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாயை நீட்டி, "பத்து லட்சமாமே?" என்பார் ஒருவர். அதை அரசாங்கம் மூட்டை மூட்டையாக அடித்தது ஐயா என்றால், 'இந்தாள் அமுக்கப் பார்க்கிறான்' என்று சந்தேகமாகப் பார்ப்பார். இன்னொருவர் ராமர் பட்டாபிஷேகம் போட்ட, 1818 என்று வருஷம் போட்ட 'அரையணா'வைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவருவார். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு அரையணா அடிக்கவே இல்லை. அது பிற்பாடு யாரோ வார்த்த வில்லை. அதை வைத்துத்தான் 'அரிசியை இழுக்கும் காசு' என்று எத்தனை குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தினார்கள்! அரிசியில் இரும்புத் தூள், அடியில் காந்தம். தீர்ந்தது வித்தை. ரிசர்வ் பேங்க் பெயரைச் சொல்லியே பழைய நோட்டு, காசுக்குக் கமிஷன் கேட்கிற மோசடி பெருகி, 2021 ஆகஸ்டில் அந்த பேங்க்கே 'எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று அறிவிப்பு விட வேண்டியதாயிற்று.

நாள் முழுக்க இதற்குப் பதில் சொல்கிறவருக்கு எரிச்சல் வரும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். யூடியூப்காரன் அந்த அம்மாவிடம் "வாங்கம்மா, லட்சாதிபதி ஆகலாம்" என்று அன்பாகப் பேசுகிறான். உண்மை தெரிந்தவர் "தள்ளி நில்லு" என்கிறார். அவர் எந்தப் பக்கம் போவார்?

சரி, மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிற நாம் மட்டும் ஒழுங்கா? கேட்காமல் கவரைப் பிரித்து, வடை தின்ற விரலால் காசின் முகத்தைத் தடவுவோம். காசை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும், கீழே துணி இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னால் "பெரிய கோஹினூர்!" என்போம். விற்கக் கொண்டுபோகும்போது, முந்தின ராத்திரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, இருநூறு வருஷத்துப் பசுங்களிம்பைக் கழுவிவிட்டு, 'பளபளன்னு இருக்கு பாருங்க' என்று நீட்டுவோம். பாதி விலை அங்கேயே போச்சு. வாங்கும் எண்ணமே இல்லாமல் அரை மணி நேரம் நாற்காலியை அடைத்துக்கொண்டு, விலை கேட்டு, போட்டோ எடுத்து, அங்கேயே நின்றபடி இன்னொரு வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி 'இதைவிடக் கம்மியா கிடைக்குமா?' என்று கேட்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். பேண்ட் சட்டை போட்டவர்கள்தான். அவர்களை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

அந்த அம்மாவை நான் கடைசி வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். (அதுவரை பத்து நிமிஷம் வேடிக்கைதான் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் மேஜைக்காரரிடம் எனக்கு ஒரு காசு பேரம் பாக்கி இருந்தது.) அங்கே ஒரு பெரியவர். எழுந்து தன் நாற்காலியைப் போட்டார். "உக்காருங்கம்மா. தம்பி, நீயும் வா, லென்ஸ்ல பாரு." ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு எடுத்து வைத்தார். ஐந்து காசையும் ஒவ்வொன்றாக வைத்து எடையை அவர்களிடமே காட்டினார்.

இரண்டு, கம்பெனியின் 1835 காலணா. "நெறையக் கெடைக்கும்மா. பெரிசா போகாது. பேரன்ட்ட குடுங்க." ஒன்று, யுத்த காலத்து ஓட்டைக் காலணா. விக்டோரியா ரூபாயை எடை போட்டு, வெள்ளிக்கு இவ்வளவு, காசுக்கு மேல்கொண்டு இவ்வளவு, நான் வாங்கினால் என் லாபம் போக இவ்வளவு தருவேன் என்று ஒரு தாளில் மூன்று வரியாக எழுதிக் கொடுத்தார். "நாலு எடத்துல கேட்டுட்டு வாங்க."

ஐந்தாவது, புளியங்கொட்டை அளவில் கறுத்த செம்பு. லென்ஸில் இரண்டு மீன் தெரிந்தது. பாண்டியர் காசு. அதுவும் அபூர்வமான ஜாதி ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் உடனே கேட்டார்: "இது எந்த ஊர்ல கெடச்சதும்மா?"

முதல் மேஜைக்காரரும் 'மண்ணில் எடுத்ததா' என்று கேட்டார். பயமுறுத்துவதற்காக. இவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

வாசகர்களே, சண்டையே இந்த ஒரு கேள்விக்காகத்தான். புதுக்கோட்டை ரோமானியப் பொற்காசுகள் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1898இல் 501 காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் ராஜா முகத்தின் மேல் உளியால் வெட்டு. இப்போது லண்டனில் இருக்கின்றன. ஆனாலும் எங்கே கிடைத்தது என்று அப்போதே எழுதி வைத்ததால் இன்றைக்கும் அது 'புதுக்கோட்டைப் புதையல்'தான். சங்க காலத்துப் பாண்டியன் 'பெருவழுதி' பெயர் பொறித்த காசு ஒன்றை 1980களில் அடையாளம் கண்டு சொன்னவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. அதற்கு முன்னால் அந்த மாதிரிச் சின்னச் செப்புச் சில்லுகள் எத்தனை பாத்திரக்கடை உலையில் போயினவோ!

எங்கள் கரிசல் காட்டில் மழை பெய்து ஓய்ந்தால் நத்தமேட்டில், கண்மாய்க் கரையில் இப்படிச் செப்புச் சில்லு மேலே வரும். ஆடு மேய்க்கிறவர்கள், களை எடுக்கிறவர்கள் கண்ணில்தான் படும், புரொபசர் கண்ணில் படாது. 'வி'யின் இரண்டு காலிலும் 'ஓ'வும் 'சி'யும் மாட்டிய டச்சுக் கம்பெனிக் காசும் தெற்குப் பக்கம் கிடைக்கும். 'வ.உ.சி.க்கு வெள்ளைக்காரன் காசு போட்டிருக்கான் பாருங்க!' என்று ஒருவர் என்னிடம் கண்கலங்கினார். எனக்குத் திருத்த மனசு வரவில்லை. அது 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரனுடையது. அந்தக் கரையில் அவன் முக்கியமாக வாங்கியது துணி. அருப்புக்கோட்டையோ நெசவு ஊர், மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடு ரோட்டில் இருக்கிறது. அந்த ரோட்டோரத்துக் கிராமம் ஒன்றில் டச்சுக் காசு கிடைத்தால் அதற்கு ஒரு கதை இருக்கலாம். ஊர் பெயர் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில், 'டச்சு, செம்பு, ரூ.150' என்று ஒட்டியிருந்தால் என்ன கதை இருக்கும்? ஊர் பெயர் எங்கே தொலைந்தது? 'தள்ளி நில்லு' என்ற இடத்தில். அவமானப்பட்டவர் அடுத்த தடவை கண்காட்சிக்கு வரமாட்டார். பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போடுவார். அல்லது பயந்துபோய்க் கிணற்றில் வீசுவார்.

கண்காட்சி நடத்துகிற சங்கங்களைத்தான் கேட்கிறேன். மேஜைக்கு வாடகை வாங்குகிறீர்களே, அந்த ரசீதோடு நாலு நிபந்தனை போட என்ன கஷ்டம்? தராசு மேஜை மேல் இருக்கட்டும். விலை எழுதியிருக்கட்டும், முகத்தைப் பார்த்து மாற வேண்டாம். வாங்கினாலும் விற்றாலும் சீட்டு. அமெரிக்க நாணயவியல் சங்கம் உறுப்பினர்களுக்கு நடத்தை விதி வைத்திருக்கிறது, மீறினால் வெளியே அனுப்புகிறது. நமக்கு அவ்வளவு தூரம்கூட வேண்டாம். வாசலில் ஒரு மேஜை போட்டு, விற்காத வாங்காத ஒரு ஆளை உட்கார வைத்து, கொண்டுவருகிறவர்களுக்கு 'இது இன்ன காசு' என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. என்ன காசு, எந்த ஊர். ஒரு நாற்காலி.

இவ்வளவு பேசுகிற நீ யோக்கியனா என்று கேட்பீர்கள். இல்லை. காலேஜ் படிக்கும்போது, பந்தல்குடி ரோட்டில் ஒரு டீக்கடைப் பெரியவர் கல்லாவிலிருந்து ஒரு காசைக் காட்டினார். 'சோணாடு கொண்டான்' என்று தமிழிலேயே எழுத்து ஓடுகிற செப்புக்காசு. 13ஆம் நூற்றாண்டில் சோழ நாட்டை ஜெயித்த சுந்தர பாண்டியன் போட்டுக்கொண்ட விளம்பரம். எனக்கு எழுத்து படிக்கத் தெரியும், அவருக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் காட்டாமல், "சும்மா வச்சுக்கிறேன் தாத்தா" என்று இருபது ரூபாய் கொடுத்தேன். அவர் "எதுக்குய்யா அம்புட்டு" என்று பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறிவிடுமோ என்று பயம். காசு இன்னும் என்னிடம் இருக்கிறது. கவர் மேல் ஊர் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது. கடையும் இல்லை, தாத்தாவும் இல்லை.

கடைசி வரிசைப் பெரியவர் மீன் காசை ஒரு சின்ன வெள்ளைக் கவரில் போட்டார். மேலே அந்த அம்மா சொன்ன ஊர் பெயரை எழுதி, காட்டின் பெயர் என்ன என்று கேட்டு அதையும் எழுதி, தேதி போட்டுப் பேரன் கையில் கொடுத்தார். மண்ணில் கிடைத்ததால் வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

"அப்ப இத நீங்க எடுத்துக்கிடலயா?" என்றார் அந்த அம்மா.

"இல்லம்மா. ரூபாய மட்டும் வேணும்னா சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

பேரன் அதற்குள் கவர் மேல் இருந்த ஊர் பெயரைச் சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு எழுத்து தப்பாக இருக்கிறது என்று பெரியவரிடம் பேனா கேட்டான்.