பூனைக்குப் பாசமில்லையாம்!

நாய் தன்னை வளர்ப்பவரைக் கடவுளாக நினைக்குமாம். பூனை தன்னையே கடவுளாக நினைக்குமாம். இந்தப் பழைய ஜோக் இந்த வாரமும் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்துவிட்டது. ஜோக் என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அனுப்புகிறவர்கள் அதை விலங்கியல் உண்மையாகவே நம்புவதுதான் எரிச்சல். பூனை சோற்றுக்குத்தான் காலைச் சுற்றும், அதற்கு வீடுதான் முக்கியம், ஆள் முக்கியமில்லை, அது நன்றிகெட்ட ஜென்மம் என்று பாட்டி காலத்திலிருந்து ஒரே பாடம் நடக்கிறது. அந்தப் பாடத்தில் இருக்கும் ஓட்டை மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. உணர்ச்சியே இல்லாத பிராணிக்குத் திமிர் எங்கிருந்து வந்தது? பாசம் கிடையாதாம், ஆனால் வஞ்சம் உண்டாம். நன்றி தெரியாதாம், ஆனால் கர்வம் தெரியுமாம். கெட்ட குணத்தையெல்லாம் மனிதக் கணக்கிலிருந்து தாராளமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, நல்ல குணம் ஒன்றைக் கேட்டால் மட்டும் "மிருகம்தானே, அதற்கென்ன தெரியும்" என்று கையை விரிக்கிறார்கள். பூனைக்கு மனித உணர்ச்சிகளை ஏற்றிச் சொல்லக்கூடாது என்று நம்மைக் கண்டிக்கிறவர்களும் பெரும்பாலும் இவர்களேதான்.

இந்த அசட்டுத்தனத்துக்குப் படிப்பு ஒரு தடையே இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் எட்வின் கத்ரி, ஜார்ஜ் ஹார்ட்டன் இருவரும் பூனைகளை ஒரு பெட்டியில் விட்டுச் சோதித்து, 1946-இல் அதைப் புத்தகமாகவே போட்டார்கள். பெட்டிக்கு முன்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு கம்பம். கம்பத்தைப் பூனை எப்படி அசைத்தாலும் கதவு திறக்கும், அந்த நொடியைக் கேமரா பதிவு செய்யும். சுமார் 800 முறை பார்த்தார்கள். பூனைகள் கம்பத்தருகே வந்து கன்னத்தையும் விலாவையும் உரசிக்கொண்டு போயின, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. அறிஞர்களுக்கு விஷயம் விளங்கிவிட்டது: முதல்முறை தற்செயலாகச் செய்த அசைவையே பூனை இயந்திரம்போலத் திரும்பச் செய்கிறது! முப்பது வருஷத்துக்கு மேல் இது உளவியல் பாடமாக நின்றது. 1979-இல் கனடாவின் டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ரூஸ் மூரும் சூசன் ஸ்டட்டர்டும், ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்கள். அப்போது எதிரே யாராவது உட்கார்ந்திருந்தார்களா? அவர்கள் செய்த சோதனையில் கம்பத்தை உரசினால் கதவு திறக்கும் என்ற ஏற்பாடே இல்லை. ஆனாலும் மனிதர் கண்ணில் பட்டால் பூனை உரசியது. மனிதர் மறைந்துகொண்டால் உரசவில்லை. பழகிய ஆளைக் கண்டால் பூனை உரசும். ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தால் கிடைத்த கம்பத்தை உரசும். ஆக, பூனை வணக்கம் சொல்லியிருக்கிறது, வணக்கம் சொல்லப்பட்டவர் அதைப் "பொறி" என்று குறித்துவைத்திருக்கிறார். நம் வீடுகளில் "சோற்றுக்காகச் சுற்றுகிறது" என்று காலால் ஒதுக்கித் தள்ளுகிறவரும் அதே கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன, புத்தகம் போடவில்லை.

கோளாறு எங்கே என்றால், நாயை அளவுகோலாக வைத்துக்கொண்டு பூனையை அளப்பதில். நாய் கூட்டமாக வேட்டையாடிய ஓநாயின் வழி வந்தது. உள்ளதைக் குதித்தும் குழைந்தும் கொட்டிக் காட்டும். பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியாக வேட்டையாடிப் பிழைத்த விலங்கு. அதன் வழியில் வந்ததன் உடல்மொழி அடங்கியதாகத்தான் இருக்கும். அடங்கியது வேறு, இல்லாதது வேறு. அந்நியரைக் கண்டால் ஒதுங்கும் பூனை, வீட்டு ஆளைக் கண்டதும் வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு வருகிறதே, பல சமயம் நுனியை மட்டும் கொக்கிபோல வளைத்துக்கொண்டு, அது பூனைகள் தமக்குள் நட்பு பாராட்டும் சைகை. டார்வின் 1872-இலேயே உணர்ச்சி வெளிப்பாடுகள் பற்றிய தன் நூலில், வால் தூக்கி உரசும் பூனையைப் பாசத்தின் படமாகச் சேர்த்துவிட்டார். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிட்டதாக நினைக்கும் என்று நாம் அதைக் கேலிசெய்துகொண்டிருக்கிறோம். இங்கிலாந்தில் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்கள் 2020-இல் அந்தக் கண்ணையே ஆராய்ந்தன. எதிரே இருப்பவர் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் பூனையும் பதிலுக்கு அப்படியே செய்கிறது. முன்பின் தெரியாதவராக இருந்தாலும், கண்ணை அப்படிச் சிமிட்டியவரை அது அதிகம் நெருங்கிவருகிறது. கேலிசெய்கிறவர் பதிலுக்கு ஒருமுறை கண்ணை மூடிப் பார்த்திருக்கலாம்.

சரி, சோற்றுக்கே வருவோம். ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தீனி, மனிதரோடு பழகுவது, விளையாட்டுப் பொருள், வாசனை என நான்கையும் வைத்துப் பூனைகளையே தேர்ந்தெடுக்கவிட்டார்கள். 2017-இல் வெளிவந்த முடிவு: பாதிப் பூனைகள் மனிதரிடம் போயின, தீனியிடம் போனவை 37 சதவீதம். வளர்ப்பவர் இரண்டு நிமிடம் விட்டுப்போய்த் திரும்பும்போது குட்டிகள் என்ன செய்கின்றன என்பதையும் அதே பல்கலைக்கழகம் சோதித்து 2019-இல் வெளியிட்டது. சுமார் 64 சதவீதக் குட்டிகள் வந்தவரிடம் ஆறுதல் கண்டு, பிறகு நிம்மதியாகச் சுற்றிப் பார்க்கக் கிளம்பின. மனிதக் குழந்தைகளிலும் கணக்கு ஏறத்தாழ இதேதான். உடனே 2015-இன் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார். பூனைக்குப் பற்று இல்லை என்று அதில் நிரூபித்துவிட்டார்களாம். அவர் தலைப்புச் செய்தியோடு நிறுத்திக்கொண்டவர். இருபது பூனைகளைப் பழக்கமில்லாத அறைக்குக் கொண்டுபோய்ச் செய்த ஆய்வு அது. பாதுகாப்புக்காகப் பூனை நாயைப்போல உடையவரை அண்டி நிற்பதில்லை என்றுதான் அது சொன்னது. காவலுக்கு ஆள் தேவைப்படாததைப் பாசமின்மை என்று படிப்பது, கம்பத்தை உரசியதைப் பொறி என்று படித்த அதே மூளை.

வீடு மாறினால் பழைய வீட்டுக்கே ஓடிவிடுகிறதே என்பது அடுத்த குற்றச்சாட்டு. சென்னையில் நாற்பது வருஷம் இருந்தும் பொங்கலுக்கு முண்டியடித்து பஸ் ஏறுகிறவருக்கு அது ஊர்ப்பாசம். பூனை செய்தால் துரோகம்! இடம் அத்துபடியாக இருப்பது பூனைக்கு உயிர்ப்பிரச்சினை, அவ்வளவுதான். இத்தோடு விட்டார்களா? குறுக்கே போனால் சகுனம், இரவில் கத்தினால் அபசகுனம், சினிமாவில் வில்லன் மடியில்தான் வெள்ளைப் பூனை. குட்டி போட்டால் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு, "அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும், அதற்கென்ன ஏக்கம்" என்று கையைத் தட்டிவிட்டு வருகிறார்கள். நாய்க்குட்டியை அப்படி விட்டால் தெருவே திட்டும்.

இந்த நம்பிக்கைக்கு விலை கொடுப்பது பூனையின் உடம்பு. மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2019-இல் பூனை முகத்தில் வலியைப் படிக்க ஓர் அளவுமுறை வகுத்தது: காது வெளிப்பக்கம் திரும்பும், கண் இடுங்கும், மூக்கு வாய்ப் பகுதி இறுகும், மீசை விறைக்கும், தலை தோளுக்குக் கீழே இறங்கும். அப்படி உட்கார்ந்திருக்கும் பூனையைத்தான் "மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது" என்கிறோம். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். கவனித்துக்கொள்ளும் ஆள் மாறினாலோ சாப்பாட்டு நேரம் தவறினாலோ, நோயே இல்லாத பூனைகளும் வாந்தி எடுத்தன, சாப்பாட்டைத் தொடவில்லை, மணல்தட்டுக்கு வெளியே சிறுநீர் கழித்தன. ஆள் முக்கியமில்லாத பிராணிக்கு ஆள் மாறினால் வாந்தி எதற்கு? மனஅழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழற்சி வருவதும் பூனை மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட விஷயம். மெத்தையில் சொட்டுச் சொட்டாகப் போகும் பூனையைப் "பழிவாங்குகிறது" என்று அடித்து மொட்டைமாடியில் விடுகிறார்கள். சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்ட ஆண் பூனை, மருத்துவரிடம் போகாவிட்டால் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும்.